எட்டு நாளைக்கு ஒரு பாதி

எண்பதுகளின் தொடக்கத்தில், காரைக்காலில், ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில் இது தொடங்கியது. குடும்ப விஷயங்களை அச்சில் ஏற்றும் வழக்கம் எங்களிடம் கிடையாது. என் வயதும் நான் வகித்த பணியும் அதற்கு இடம் கொடுப்பவை அல்ல. சம்பந்தப்பட்டவர்களில் பலர் இன்று இல்லை. இருப்பவர்களுக்கு இதனால் ஒரு குறையும் வராது என்று யோசித்து முடிவுசெய்த பிறகே எழுத உட்கார்ந்தேன். பெயர்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.

நான் அப்போது ஒரு கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளன். என் தங்கை என்னைவிடப் பல வயது இளையவள். நெடுங்காட்டில் நிலபுலம் உள்ள ஒரு குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் கணவர், எங்கள் வீட்டு மாப்பிள்ளை, காரைக்காலில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். தினமும் பஸ்ஸில் வந்து போவார். ஒரே பெண் குழந்தை. அந்தக் குழந்தைக்குக் கழுத்து நின்ற சமயத்தில்தான் தாயின் கழுத்தில் ஒரு கட்டி தென்பட்டது. சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையில் அறுவை செய்து அதை எடுத்தார்கள். எடுத்ததைப் பரிசோதித்துவிட்டு, புற்று என்றார்கள்.

மிச்சமிருக்கும் வேர்களை அழிப்பதற்குக் கதிரியக்க அயோடின் கொடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னபோது, அந்த அறையில் இருந்தவர்களில் அதைப் புரிந்துகொண்டவர்கள் நானும் என் தங்கையும் மட்டுமே. அவளும் இயற்பியல் பட்டதாரி. எழுபதுகளில் என் வகுப்பிலேயே உட்கார்ந்து படித்தவள். ஈயப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த ஏதோ சிறிதளவு நீரை உறிஞ்சிக் குடித்தாள். சில நாட்கள் தனியறையில் வைத்திருந்தார்கள். சாப்பாட்டைக் கதவருகே வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். தாய்ப்பாலை முன்பே நிறுத்தச் செய்திருந்தார்கள். அனுப்பும் நாளில் மருத்துவர் சொன்னது இவ்வளவுதான்:

"கைக்குழந்தையை ஒரு மாசம் தூக்க வேணாம், பக்கத்துல போட்டுக்கிட்டுப் படுக்க வேணாம். அதுக்கப்புறம் தாராளமாத் தூக்கிக் கொஞ்சட்டும்."

குழந்தை நெடுங்காட்டில், மாமியார் வீட்டில் இருந்தது. ஆகவே தங்கையை நேராக என் வீட்டுக்கு அழைத்துவந்தோம். என் மகன்கள் இருவரும் திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் நானும் என் மனைவியும் மட்டுமே. கொல்லைப்புறம் பார்த்த அறையை ஒழித்துக் கொடுத்தோம். தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். தன் துணியைத் தானே அலசிக்கொண்டாள். தெருவில் கேட்டவர்களுக்கு, கழுத்தில் அறுவை, ஓய்வு தேவை என்று சொன்னேன். அது பொய்யல்ல, ஆனால் முழு உண்மையும் அல்ல. கதிரியக்கம் என்ற சொல்லைத் தெருவில் உச்சரித்தால் என்ன நடக்கும் என்பதை நான் அறிவேன்.

அடுத்த வாரம் சம்பந்தியம்மாள், அதாவது தங்கையின் மாமியார், நெடுங்காட்டிலிருந்து வந்தார். மழையில் நனைந்த குடையைக் கூடத்தில் விரித்து வைத்துவிட்டு, காப்பியைக்கூடத் தொடாமல் விஷயத்துக்கு வந்தார்.

"தம்பி, நீங்க காலேஜுல பாடம் சொல்றவங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எத்தினி நாளு?"

"டாக்டர் ஒரு மாசம் சொல்லியிருக்காருங்க."

"அது டாக்டரு சொன்னது. நீங்க என்னா சொல்றீங்க?"

அந்தக் கேள்வி எனக்குப் பெருமையாக இருந்தது. உட்கார்ந்து விளக்கினேன். உடம்புக்குள் போன மருந்து எட்டு நாளைக்கு ஒருமுறை தானாகப் பாதியாகும். யாரும் அதை வேகப்படுத்தவும் முடியாது, தாமதப்படுத்தவும் முடியாது என்றேன்.

"அப்ப எட்டு நாள்ல பாதி. அடுத்த எட்டு நாள்ல மீதிப் பாதியும் போயிடும். பதினாறு! கருமாதிக் கணக்குதான்."

"என்னாங்க அத்தை, வெளக்கு வைக்கிற நேரத்துல இப்படிப் பேசுறீங்க" என்று என் மனைவி உள்ளேயிருந்து சத்தம்போட்டாள்.

"தீட்டுன்னா அதுக்கு ஒரு நாள் உண்டுல்ல, அதச் சொன்னேன். பொறந்தா இத்தினி நாளு, செத்தா இத்தினி நாளு. முடிஞ்சதும் தலைக்கு ஊத்திக்கிட்டு உள்ள வந்துடறது."

நான் திருத்தினேன். இரண்டாவது எட்டு நாளில் மீதி முழுவதும் போகாது, மீதியில் பாதிதான் போகும். கால் பங்கு நிற்கும். அதற்கடுத்து அரைக்கால்.

"அப்புறம்?"

"அதுல பாதி."

"அப்புறம்?"

"அதுலயும் பாதி."

"எங்க ஊரு வாய்க்காலுக்குத் தண்ணி வர்ற கதையால்ல இருக்கு! அவன் வருது வருதும்பான், கடைமடைக்கு வந்து சேராது. இது போவுது போவுதுங்கிறீங்க, போய்ச் சேராது போல." சிரித்துவிட்டு, உடனே முகம் மாறிக் கேட்டார். "சரி, முழுசா என்னிக்குத்தான் தீரும்?"

"முழுசாத் தீருதுன்னு கணக்குல ஒரு நாளே கிடையாதுங்க. ஆனா ஒரு மாசத்துக்குப் பிறகு பயப்பட வேண்டியதில்ல."

இந்த இரண்டு வாக்கியங்களும் சரியானவை. இன்றும் சொல்வேன், இரண்டுமே சரியானவை. சம்பந்தியம்மாள் இரண்டாவதை எடுத்துக்கொண்டார். கார்த்திகை கடைசியில் ஒரு வளர்பிறை நாளைப் பார்த்து வைப்பதாகச் சொல்லிவிட்டுக் குடையை எடுத்தார். கொல்லைப்புற அறையின் கதவு ஒருக்களித்திருந்ததை நான் கவனிக்கவில்லை. என் தங்கை முதல் வாக்கியத்தை எடுத்துக்கொண்டாள்.

அந்த மாதத்தில் மாப்பிள்ளை தினமும் மாலையில் அலுவலகம் விட்டதும் வருவார். கூடத்தில் நாற்காலியை அறை வாசலுக்கு எதிரே போட்டுக்கொண்டு குழந்தையின் அன்றாடச் செய்திகளைச் சொல்வார். தவழ்ந்தாள், அரிசியை அள்ளி இறைத்தாள், நாற்று முடிச்சைப் பிடித்து இழுத்தாள், பெரிய மருமகளின் மடியில்தான் உறங்குகிறாள். மாப்பிள்ளையின் அண்ணன் மனைவியைத்தான் அந்த வீட்டில் பெரிய மருமகள் என்பார்கள். தன் குழந்தையோடு இதையும் சேர்த்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கை ஒவ்வொன்றையும் இரண்டுமுறை கேட்டுக்கொள்வாள். அவர் போன பிறகு எழுந்து வந்து, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியை ஈரத்துணியால் துடைப்பாள். எதற்காக என்று கேட்டேன். இந்தச் சட்டையோடுதான் அவர் வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்குகிறார் என்றாள். அப்படி ஒட்டிக்கொண்டு போகிற பொருளல்ல அது என்று அவளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அவளுக்கே தெரியும். அப்போதே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

பார்த்து வைத்த நாள் வந்தது. மாப்பிள்ளை விடுப்பு எடுத்துக்கொண்டு, புதுப்புடவையோடு வந்தார். தங்கை வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

"இன்னும் இருக்குது" என்றாள்.

மாப்பிள்ளை நல்ல மனிதர், உரத்துப் பேசத் தெரியாதவர். அன்று புடவைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னது எனக்கு மறக்கவில்லை. "மச்சான், அவ என்னப் பாத்துக் கேக்குறா, 'ஆயிரத்துல ஒரு பங்கு வெஷம்னா, உங்க புள்ளைக்குக் குடுப்பீங்களா'ன்னு. நான் என்னன்னு சொல்ல? குடுப்பேன்னு சொல்லவா?"

நான் உள்ளே போய்ப் பேசினேன். நம் ஊர் மணலிலும் செங்கல்லிலும் கதிரியக்கம் உண்டு, வாழைப்பழத்தில் உண்டு, குழந்தையின் எலும்பிலேயே பிறவியிலிருந்து உண்டு என்றேன். உடம்பு அந்த அயோடினின் பெரும்பகுதியை முதல் சில நாட்களிலேயே வெளியேற்றியிருக்கும், எட்டு நாள் கணக்குகூட அதிகபட்சக் கணக்குதான் என்றேன். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"சைபர்னு எழுதித் தருவீங்களாண்ணே?"

நான் எழுதித் தரவில்லை. கதிரியக்கம் குறைவதைக் காட்டும் வரைகோடு அச்சை நெருங்கும், தொடாது. இதை ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் வரைந்து காட்டியவன் நான். எழுபதுகளில் அவள் வகுப்புக்கும் வரைந்து காட்டியவன். எங்கள் ஆய்வகத்தில் கதிரியக்கப் பொருள் எதுவும் கிடையாது. ஆகவே தாயம் ஆடுவதற்குத் தேய்ப்பதுபோல், நூற்றுக்கணக்கான புளியங்கொட்டைகளை ஒரு பக்கம் மட்டும் வெள்ளையாகும்வரை தேய்க்கச் செய்தேன். மொத்தத்தையும் தரையில் வீச வேண்டும். வெள்ளை தெரிய விழுந்தவை சிதைந்த அணுக்கள். பொறுக்கி எடுத்துவிட வேண்டும். கறுப்பு தெரிய விழுந்தவை மீதி. மறுபடி வீச வேண்டும். எந்தக் கொட்டை எப்போது வெள்ளை காட்டும் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு வீச்சிலும் ஏறக்குறைய பாதி போகும் என்பது மட்டும் தவறாது. அந்த வகுப்பிலேயே இதை முதலில் விளங்கிக்கொண்டவள் என் தங்கை. மேற்படிப்புக்கு அனுப்பியிருக்க வேண்டிய பெண். நல்ல வரன் வந்தது, கொடுத்துவிட்டோம்.

மார்கழி பிறந்தது. மழை நின்று பனி தொடங்கியது. அவள் அறையை விட்டு நகரவில்லை. அடுக்களையில் புளி தட்டும்போது விழுந்த கொட்டைகளை என் மனைவியிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். கொல்லையில் துணி துவைக்கும் கல்லில் அவற்றைத் தேய்க்கும் ஓசை மத்தியான வேளைகளில் கேட்கும். பொழுதுபோக்கட்டும் என்றிருந்தோம்.

நான் வேறொரு வழியில் யோசித்தேன். கோடு அச்சைத் தொடாது என்பது கணிதம். ஆனால் அணுக்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. எவ்வளவு பெரிய எண்ணிக்கையாக இருந்தாலும், பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் ஒன்று என்று வந்துதானே தீர வேண்டும்? மருத்துவமனையில் கொடுத்த அளவு எனக்குத் தெரியும். ஒருநாள் வகுப்புகள் முடிந்த பிறகு மடக்கை அட்டவணையை வைத்துக்கொண்டு கணக்கிட்டேன். ஐம்பதுக்குச் சற்று மேற்பட்ட பாதிகள். ஓராண்டும் சில மாதங்களும். முடிவு உண்டு! சைக்கிளை வேகமாக மிதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மாப்பிள்ளையும் அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார். அவர் முன்னிலையிலேயே சொன்னேன். தீரவே தீராது என்று நினைக்காதே, கடைசி அணுவுக்கும் ஒரு நாள் இருக்கிறது என்றேன். அந்தக் கடைசிச் சில அணுக்களுக்காகக் காத்திருப்பது எவ்வளவு அபத்தம் என்று அவளே சிரித்துவிடுவாள் என்பது என் எண்ணம்.

அவள் சிரிக்கவில்லை. விரல்விட்டு மாதங்களை எண்ணினாள்.

"அப்ப அடுத்த தைக்குப் போயிடலாமா?"

மாப்பிள்ளை என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார். எங்கள் வீட்டிலிருந்து அவர் அப்படிப் போனது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் காலையில் தங்கை என்னைக் கூப்பிட்டாள். அறைத் தரையில் ஒரு புளியங்கொட்டை மட்டும் கிடந்தது. மற்றவை டப்பாவில்.

"நீங்க சொன்னது சராசரிதானேண்ணே? இதப் பாருங்க. மத்ததெல்லாம் ஏழெட்டு வீச்சுல போயிடுச்சு. இது ஒண்ணு மட்டும் போவ மாட்டேங்குது. வீசிக்கிட்டே இருக்கேன், கறுப்பாவே விழுவுது." குனிந்து எடுத்து மறுபடியும் போட்டாள். கறுப்பு. "கடைசி ஒண்ணு என்னிக்குப் போவும்னு யாராலயும் சொல்ல முடியாதுல்ல? தைன்னு நான் சொன்னதும் தப்புதான்."

அவள் சொன்னது சரி. அதுதான் துயரம். பைத்தியம் பிடித்திருந்தால் வைத்தியம் பார்த்திருக்கலாம். ஒவ்வொரு படியிலும் சரியாகவே நினைத்து, நினைத்து, தன் குழந்தையைத் தொடக்கூடாது என்ற இடத்தில் வந்து நின்றிருந்தாள். என் மாணவி என்பதால், அந்தப் பாதையின் ஒவ்வொரு படியையும் நான் அறிவேன். திரும்பிவரும் வழி மட்டும் எனக்குத் தெரியவில்லை.

தையில் குழந்தைக்கு ஒரு வயது நிறைந்தது. நெடுங்காட்டில் நடக்கத் தொடங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. மாப்பிள்ளை வருவது வாரம் ஒருமுறை என்று குறைந்திருந்தது. மாசியில் சம்பந்தியம்மாள் மறுபடி வந்தார். இம்முறை உட்காரவில்லை.

"முடியிறக்கிக் காது குத்தணும் தம்பி. அம்பகரத்தூர் அம்மன் கோயில்ல. தாய்மாமன் மடிதான் முக்கியம், நீங்க வந்துருங்க. ஒங்க தங்கச்சி வந்தா சந்தோஷம். வராட்டி..." குரலைத் தாழ்த்தினார். "ஊருல பேச ஆரம்பிச்சுட்டாங்க. பெத்தவளுக்கே புள்ள வேணாம்னா அவனுக்கு வேற பாக்க வேண்டியதுதானேன்னு, என் காதுபடவே கேக்குறாங்க. எவ்வளவு நாளைக்கு நான் வாய மூடிக்கிட்டு இருக்கறது?"

தங்கை அறைக்குள் இருந்தாள். கேட்டிருப்பாள்.

குறித்த நாளில் நானும் என் மனைவியும் போனோம். தங்கை வரவில்லை. கோயில் முன்றிலில், கிழக்கு நோக்கிய பலகையில் என்னை உட்காரவைத்து, குழந்தையை என் மடியில் வைத்தார்கள். அதைக் கடைசியாக நான் பார்த்தது கார்த்திகைக்கு முன்பு. இப்போது கனம் கூடியிருந்தது. தங்கையின் நெற்றி அப்படியே. முடி இறக்கும்போது வீறிட்டு அழுதது. பூனைமயிர் போன்ற அந்த முடி என் வேட்டியெங்கும் ஒட்டிக்கொண்டது. காதில் ஊசி ஏறியபோது என் நெஞ்சைப் பிராண்டிக்கொண்டு, எனக்குப் பின்னால் நின்ற பெரிய மருமகளைப் பார்த்து "ம்மா, ம்மா" என்று இரு கைகளையும் நீட்டியது. அந்தப் பெண் நல்லவள். அவள் முகம் சுருங்கியது. எடுத்துக்கொள்ளாமல் இரண்டு அடி பின்னால் போனாள். அது யாருடைய இடம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

சடங்கு முடிந்ததும் எல்லோரும் நெடுங்காட்டுக்கு வேன் ஏறினார்கள். சம்பந்தியம்மாள் மட்டும் ஏறவில்லை. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்களோடு காரைக்கால் பஸ்ஸில் ஏறினார். எங்கே என்று கேட்டேன்.

"ஒங்க வீட்டுக்குத்தான். வேற எங்க?"

வழியெல்லாம் குழந்தை அழுகையை நிறுத்தவில்லை. காது சிவந்து வீங்கியிருந்தது. வீட்டுக்குள் நுழைந்தபோது நல்ல உச்சிவெயில். அழுகைச் சத்தம் கேட்டதும் கொல்லைப்புற அறையின் கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழும் ஓசை கேட்டது.

"ஏ புள்ள, தொறடி. ஒம் மவ அழுவுறா."

சம்பந்தியம்மாள் கதவைத் தட்டினார்.

"தீட்டுன்னாகூட எங்க வூட்டுல மூணு மாசம் ஒதுக்கி வெக்க மாட்டோம்டி. ஒங் கதவத் தொட்டுக்கிட்டுத்தான் நிக்கிறேன், எனக்கு ஒண்ணும் ஆவல. இந்தா, கதவத் தொறந்து பாரு, மொட்டையில எப்படியிருக்கான்னு பாரு."

"அத்தை, கூட்டிக்கிட்டுப் போயிடுங்க." உள்ளேயிருந்து வந்த குரல் கதவின் அடிப்பாகத்திலிருந்து வந்தது. கதவோடு கதவாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். "கால்ல விழுறேன் அத்தை, கூட்டிக்கிட்டுப் போயிடுங்க."

சம்பந்தியம்மாள் என் பக்கம் திரும்பினார். அவர் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. அது கோபமா துக்கமா என்று எனக்குத் தெரியவில்லை. "நான் சொன்னா கேக்க மாட்டா தம்பி. எனக்கு என்னா தெரியும்? நீங்க சொல்லுங்க. ஒரு வார்த்த."

நான் கதவருகே போனேன். என் வேட்டியில் இன்னும் குழந்தையின் முடி. தங்கை என் காலடி ஓசையை அறிவாள்.

"அண்ணே, எவ்வளவு இருக்கும்?"

விடை எனக்குத் தெரியும். அன்றைய தேதிக்கான பின்னம் என் மனதில் தயாராக இருந்தது. தினமும் காலையில் நான் அதைப் புதுப்பித்துக்கொண்டிருந்தேன். மிகமிகச் சிறிய பின்னம். ஆனால் மேலே ஒன்று, கீழே பல இலக்கங்கள் கொண்ட, ஐயமில்லாத ஒரு பின்னம்.

"ஒண்ணும் இல்ல" என்றேன்.

"ஒண்ணும்னா?"

"சைபர்."

வெளியே குழந்தை மட்டும் விக்கிக்கொண்டிருந்தது.

"நீங்கதான் சொல்றீங்களா?"

"நான்தான் சொல்றேன். இயற்பியல்ல நான் தப்பா ஒண்ணு சொல்லி நீ கேட்டிருக்கியா?"

தாழ்ப்பாள் விலகியது. கதவு திறந்தபோது அவள் இரண்டு கைகளையும் மார்போடு கட்டிக்கொண்டு நின்றாள். சம்பந்தியம்மாள் காத்திருக்கவில்லை, குழந்தையை அப்படியே அவள் மேல் சாய்த்தார். கைகளைப் பிரிக்காவிட்டால் குழந்தை விழுந்துவிடும். பிரித்தாள்.

அந்த நொடியில் குழந்தை அழுகையை நிறுத்தித் தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. வில்லாக வளைந்து, முன்னைவிட உரக்கக் கத்தி, பாட்டியிடம் போகத் திமிறியது. தங்கை விடவும் இல்லை, இறுக்கவும் இல்லை. "தெரியலடி, ஒனக்குத் தெரியல. சரி, சரி" என்று அதன் சந்தன மொட்டையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டேயிருந்தாள். அன்று மாலை பஸ்ஸில் மூவரும் நெடுங்காட்டுக்குப் போனார்கள். குழந்தை பாட்டியின் மடியில். தங்கை சன்னலோரம், ஒரு விரலை மட்டும் குழந்தையின் பாதத்தில் வைத்தபடி.

குழந்தை அவளை "அம்மா" என்று அழைக்க அந்த ஆடி வரை ஆயிற்று.

மறு ஆண்டு, அயோடினுக்கு அகப்படாத புற்றின் சில துகள்கள் நுரையீரலில் தங்கிவிட்டன என்று தெரிந்தது. மறுபடி அதே மருந்து, அதே தனியறை. இம்முறை மருத்துவர் சொன்ன கெடு முடிந்த அன்று காலையிலேயே, எவரையும் எதுவும் கேட்காமல், பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அதன் பிறகும் அவளுக்குக் கிடைத்தது இரண்டு ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதல்தான். எஞ்சியிருந்த அந்தச் சொற்பக் காலத்தில் மூன்று மாதங்களை என் வீட்டுக் கொல்லைப்புற அறை தின்றுவிட்டது என்ற கழித்தல் கணக்கை, வேண்டாம் என்றாலும், என் மனம் போட்டுக்கொண்டேயிருக்கும்.

கடைசி மாதங்களில் ஒருநாள் நெடுங்காட்டுக்குப் போயிருந்தேன். மத்தியானம். அவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். மகள் பாலர் பள்ளிக்குப் போயிருந்தாள். சம்பந்தியம்மாள் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, "வாத்தியார் தம்பி வந்தாத்தான் இவ நாலு வாய் குடிப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். பேச்சுக்கு இடையில் தங்கை திடீரென்று சொன்னாள்.

"அன்னிக்கு நீங்க சொன்னது பொய்யின்னு எனக்குத் தெரியும்ணே."

நான் கஞ்சியை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"உள்ள உக்காந்துக்கிட்டு நானும் கணக்குப் போட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். நீங்க சைபர்னதும் தூக்கிவாரிப் போட்டுச்சு. அத்தை சொன்னா கணக்கில்ல. அவரு சொன்னாலும் கணக்கில்ல, என் மேல உள்ள பிரியத்துல சொல்றாருன்னு விட்டுருப்பேன். நீங்களே பொய் சொல்றீங்கன்னா, அப்புறம் அந்தக் கதவ மூடி வெச்சுக்கிட்டு நான் எதக் காப்பாத்தணும்னு தோணிச்சு." மூச்சு வாங்கினாள். பிறகு சிரித்தாள். "எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும் ஒங்களுக்கு! மொகத்தப் பாக்கணும்னுதான் தொறந்தேன்னுகூட வெச்சுக்குங்க."

கஞ்சி ஆறிப்போனது. வாசலில் பள்ளிப் பிள்ளைகளின் குரல் கேட்டதும் அவள் நிமிர்ந்து உட்கார முயன்றாள். தலையணையை நான் நகர்த்திக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வு பெற்றேன். தவறாக ஒரு சொல்லும் சொல்லாதவர் என்று வழியனுப்பு விழாவில் என்னைப் பாராட்டிப் பேசினார்கள். மாலையோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அப்படியொரு பெயரை அத்தனை ஆண்டுகளாகக் கட்டிக்காத்ததன் முழுப் பயனையும் ஒரு மாசி மாதத்து உச்சிவெயிலில், மூடிய கதவின் முன்னால், ஒரே சொல்லில் செலவழித்துவிட்டேன் என்பதும், அதை அந்த முதல் மாதம் முடிந்ததுமே செலவழித்திருக்க வேண்டியவன் மூன்று மாதங்கள் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தேன் என்பதும், அந்தப் பாராட்டைக் கேட்டவர்களில் எனக்கு மட்டுமே தெரிந்திருந்தது.